அக்காவின் சில்வர் இரண்டு

என் அக்காவின் ரேங்க் சில்வர் இரண்டு. கைப்பேசியில் ஐந்து பேர் ஓர் அணியாகச் சேர்ந்து, முகம் தெரியாத வேறு ஐந்து பேரோடு மோதுகிற விளையாட்டு அது. அடியில் பிரோன்ஸ் என்கிற வெண்கலம், அதற்கு மேல் சில்வர், கோல்டு, பிளாட்டினம், டைமண்ட் என்று படிகள் உண்டு. ஒவ்வொரு படிக்குள்ளும் மூன்று, இரண்டு, ஒன்று என்று கீழிருந்து மேலாகச் சிறுபடிகள். ஜெயித்தால் ஏறலாம், தோற்றால் இறங்க வேண்டும். ஆடுகிறவர்களில் பெருங்கூட்டம் சில்வரில்தான் கிடக்கும். அந்தக் கூட்டத்துக்கும் நட்டநடுவில் இருப்பது சில்வர் இரண்டு.

நானும் அங்கேதான் இருந்தேன். எனக்கு அது அவமானமாக இருந்தது. அக்காவுக்கு இல்லை. பள்ளிக்கூடத்திலும் அவள் வகுப்பில் நடுவில் வந்தவள்தான். முன்னால் போனால் வாத்தியார் கேள்வி கேட்பார், பின்னால் போனால் அடிப்பார், நடுவில் இருந்தால் நிம்மதி என்பாள். நான் எதிலும் நிம்மதியைத் தேடியவன் இல்லை. எதிலும் பெரிதாக வந்தவனும் இல்லை.

திண்டுக்கல்லிலிருந்து பழனி போகும் சாலையில், ரெட்டியார்சத்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஓர் எடை மேடையில் வேலை பார்க்கிறேன். லாரி வந்து மேடையில் ஏறி நிற்கும். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, திரையில் வரும் எண்ணைப் பார்த்துச் சீட்டு அடித்துக் கொடுப்பேன். காலையில் காய்கறி வண்டிகள், சாயந்தரம் மக்காச்சோளமும் தேங்காயும். மதியம் இரண்டிலிருந்து மூன்றரை வரை ஈ காக்கா வராது. அக்கா வாழ்க்கைப்பட்டது எரியோட்டில். மதியச் சாப்பாடு முடிந்ததும் அவள் மாமியார் படுத்துவிடுவார். மச்சான் தோட்டத்தில் இருப்பார், மகள் பள்ளிக்கூடத்தில். அவளுக்கும் அதே இரண்டிலிருந்து மூன்றரை. அவளுக்குக் கல்யாணமான பதினோரு வருஷத்தில் எங்கள் இருவருக்கும் பொதுவாகக் கிடைத்த நேரம் அது ஒன்றுதான்.

ஒரு தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவள், நான் ஆடுவதைத் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். யாரையும் அடிக்காமல் பின்னாலேயே ஓடுகிறதே, அந்தப் பெண் யார் என்று கேட்டாள். அது சப்போர்ட், மற்ற நான்கு பேரும் சாகாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை, சரியான நேரத்தில் பொத்தானை அழுத்தினால் கூட இருப்பவனைச் சுற்றி ஒரு கவசம் விழும் என்று சொன்னேன். வீட்டிலும் இதே வேலை, இங்கேயுமா என்று சிரித்தாள். ஊருக்குத் திரும்பும் முன் அவள் கைப்பேசியில் அதை ஏற்றிக் கொடுக்கச் சொன்னாள்.

அவள் நன்றாகவே ஆடினாள். இதைச் சொல்லியாக வேண்டும். பாய்ந்து அடிப்பதெல்லாம் வராது. வரைபடத்தைப் பார்க்க மாட்டாள். எதிரி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறான் என்று பத்து முறை சொன்னாலும் பதினோராவது முறை கேட்பாள். ஆனால் நான் சாகப்போகிற நொடிக்கு ஒரு கண்ணிமைப் பொழுது முன்னால் என்மேல் கவசம் விழும். ஆடும்போதே ஒருவரோடு ஒருவர் பேசும் வசதி அதில் உண்டு. மாமியார் எழுந்துவிடக் கூடாது என்பதற்காக எப்போதும் ரகசியக் குரலில்தான் பேசுவாள். என் காதுக்குள் அடுப்படிச் சத்தம் கேட்கும், மின்விசிறியின் கடகடப்பு கேட்கும், நடுநடுவே அவள் வீட்டுக் கதையும் வரும். எதிரிக் கோட்டையின் வாசலில் நின்றுகொண்டு மகளின் காய்ச்சலைப் பற்றியும், அன்று சோற்றுக்கு என்ன வெஞ்சனம் என்பதைப் பற்றியும் பேசினோம். மச்சானிடம் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசாமல் இருந்ததைக்கூட ஓர் ஆட்டத்தின் நடுவில்தான் சொன்னாள். நான் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. அந்த ஆட்டத்தில் தோற்றோம்.

அப்போது எனக்கு ஏறும் பித்துப் பிடித்திருந்தது. டைமண்டுக்கு மேல் ஆடுகிறவர்கள் போடும் வீடியோக்களை ராத்திரிச் சாப்பாட்டின்போதுகூட விடாமல் பார்த்தேன். எல்லாரும் சொல்லிவைத்ததுபோல் ஒன்றையே சொன்னார்கள்: அணியைக் குறை சொல்லாதே, நீ நடுவில் கிடப்பதற்கு நீதான் காரணம், உன் பிழைகளை எழுதிவை, திருத்து. நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். முதல் இரண்டு பக்கம் என் பிழைகளை எழுதினேன். மூன்றாம் பக்கத்திலிருந்து அக்காவின் பிழைகள் வர ஆரம்பித்துவிட்டன. உபதேசம் ஊருக்குத்தானே.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ‘கவசம் தாமதம்’ என்று முதலில் ஒரு பக்கத்தில் ஒரு முறை வருகிறது. அடுத்த வாரம் மூன்று முறை. பிறகு ஒவ்வொரு ஆட்டத்திலும். ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் பத்துக்கு இவ்வளவு என்று ஒரு மதிப்பெண் வரும், அவளுடையதைத் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். ஏழு, ஏழு, ஆறு, ஆறு, ஐந்து. மூன்று மாதத்தில் எண் எப்படி இறங்கியது என்று கோடு போட்டுக்கூடப் பார்த்திருக்கிறேன். எடை மேடையில் உட்கார்ந்து உட்கார்ந்து, எண் ஒருபோதும் பொய் சொல்லாது என்று நம்பப் பழகியிருந்தேன். எண் பொய் சொல்லவில்லைதான்.

நாங்கள் சில்வர் மூன்றுக்கு இறங்கினோம். அவளுக்குப் பயிற்சி கொடுக்க முடிவு செய்தேன். விளையாட்டிலேயே தனியாக ஒரு பயிற்சிக் களம் உண்டு. தினமும் இருபது நிமிடம் அங்கே போய், வலது கட்டைவிரலால் கவசப் பொத்தானை மட்டும் அழுத்திப் பழகச் சொன்னேன். செய்தாள். செய்தாயா என்று தினமும் கேட்டேன். பள்ளிக்கூட நாட்களில் அவள் எனக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தபோது இருந்த குரல் இப்போது எனக்கு வந்துவிட்டதாக ஒருநாள் கேலி செய்தாள். இன்னொரு நாள், ஆட்டத்தில் நான் செத்து, மறுபடி உயிர் வரக் காத்திருந்த நேரத்தில் சொன்னாள்:

“ஏலே, வெரலு சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குதுடா. நான் அமுக்குறேன், அது செத்த நேரம் கழிச்சுத்தான் அமுங்குது.”

“பிராக்டிஸ் பத்தாதுக்கா” என்றேன்.

இதற்கு மேல் ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்தப் பொங்கலுக்குப் போனபோது ஊறுகாய் பாட்டிலை என்னிடம் நீட்டித் திறந்து தரச் சொன்னாள். திறந்து கொடுத்தேன். அவள் கரண்டியால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சோற்றை அள்ளி வாய்க்குள் தள்ளிவிடுவது கட்டைவிரல்தான், அது ஒத்துழைக்கவில்லை என்றால் கையால் சாப்பிட முடியாது. இது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. மாமியார் அதைப் பட்டணத்து மினுக்கு என்று ஜாடை பேசினார். எல்லாருக்கும் அவரவர் அளவுகோல் இருந்தது. மாமியாரை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

பொங்கல் முடிந்து பதினைந்து நாளில் அக்காவை விட்டுவிட்டேன். நயமாகத்தான் சொன்னேன். நீ ரேங்க் இல்லாத சாதா ஆட்டம் ஆடு, அதில் தோற்றாலும் ஒன்றும் குறையாது, நான் கொஞ்ச நாள் வேறு ஆட்களோடு ஆடிப் பார்க்கிறேன் என்றேன். “சரிடா, நீ ஏறு” என்றாள்.

கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆட்கள் நான்கு பேர் கிடைத்தார்கள். ஆட்டத்தைத் தவிர வேறு பேச்சே கிடையாது. மாமியாரும் இல்லை, வெஞ்சனமும் இல்லை. இரண்டு மாதத்தில் கோல்டு போனேன், நான்காவது மாதம் பிளாட்டினம். அந்த விளையாட்டில் ஒரு விதி இருக்கிறது. இரண்டு பேருக்கு இடையில் ஒரு படிக்கு மேல் வித்தியாசம் இருந்தால், ரேங்க் ஆட்டத்தில் அவர்கள் ஒரே அணியில் சேர முடியாது. இரண்டு மணிக்கு அக்காவிடமிருந்து அழைப்பு வரும். நான் கையை வைத்ததும், ரேங்க் வித்தியாசம் அதிகம் என்று சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்து அதுவே மறைந்துவிடும். விதியை அவளிடம் விளக்கினேன். புரிந்தது என்றாள். அப்படியும் சில நாள் அழைப்பு வந்தது. விதி மாறியிருக்கும் என்று நினைத்தாளோ, பழக்கத்தில் கை போய்விட்டதோ, தெரியவில்லை. பிறகு வருவது நின்றுவிட்டது. எனக்கு, வெட்கத்தோடு சொல்கிறேன், நிம்மதியாக இருந்தது.

ஆடி மாதம் மச்சான் கூப்பிட்டார். அக்காவால் புடவைக் கொசுவத்தைப் பிடித்துச் செருக முடியவில்லை, திண்டுக்கல்லில் காட்டியபோது கழுத்து எலும்பு தேய்மானம் என்று மாத்திரை கொடுத்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை, மதுரைக்குப் போகிறோம், நீயும் வா என்றார். போனேன். நரம்பு டாக்டர் அவள் வலது கையைத் திருப்பி மேசைமேல் வைத்தார். கட்டைவிரலின் கீழே உப்பலாக இருக்க வேண்டிய சதை குழி விழுந்து கிடந்தது. அந்தக் கையை நான் குழந்தையிலிருந்து பார்த்திருக்கிறேன். அதைப் பிடித்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனேன். அன்றைக்கு அது யாருடைய கையோ போல் இருந்தது.

எப்போதிலிருந்து இப்படி என்று டாக்டர் கேட்டார்.

“ஒரு ரெண்டு மாசமா சார்” என்றார் மச்சான்.

அக்கா என்னைப் பார்த்தாள். அவள் பார்வையில் குற்றச்சாட்டு ஏதும் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“ஒம்போது மாசம் ஆச்சு சார்” என்றேன். “ஐப்பசி கடைசியில ஆரம்பிச்சுது.”

எப்படி இவ்வளவு சரியாகத் தெரியும் என்று டாக்டர் என் பக்கம் திரும்பினார். மச்சானும் திரும்பினார். என் அக்காவின் கட்டைவிரல் எந்த வாரம் தளர ஆரம்பித்தது, எந்த வாரம் மோசமானது என்று என் வீட்டில் ஒரு நோட்டு இருக்கிறது, அதில் அதற்கு நான் பயிற்சிக் குறைவு என்று பெயர் வைத்திருக்கிறேன் என்றா சொல்வது? போனில் விளையாடுவோம் சார், அதில் தெரிந்தது என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார்.

மூளையின் கட்டளையைத் தசைக்குக் கொண்டுபோகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும் நோய் என்றார்கள். மருந்து பெரிதாகக் கிடையாது. முன்னமே வந்திருந்தால் என்று மச்சான் கேட்டதற்கு, வந்திருந்தாலும் பெரிய மாற்றம் இருந்திருக்காது என்றார் டாக்டர். இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ ராத்திரி தூங்கப் பார்த்திருக்கிறேன். நோயைப் பொறுத்தவரை அது உண்மையாக இருக்கலாம். சொன்ன பேச்சைக் கேட்காத விரலை வைத்துக்கொண்டு தினமும் இருபது நிமிடம் ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தாளே, அதற்கு எந்த டாக்டர் பதில் சொல்வார்?

ஊருக்கு வந்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். அவளோடு மறுபடி ஆட வேண்டும். இடது கை இன்னும் நன்றாக இருந்தது, வலது கையும் முற்றாக ஓயவில்லை. ஆனால் நான் பிளாட்டினத்தில் இருந்தேன், அவள் சில்வரில். புதிதாக ஓர் ஐடி போட்டால் அதை ரேங்க் ஆட்டத்துக்குள் விடவே மாதக்கணக்கில் ஆகும். அதனால் ஒரு மடத்தனம் செய்தேன். வேண்டுமென்றே தோற்றேன். ஆட்டம் தொடங்கியதும் கோட்டைக்குள்ளேயே நிற்பேன், அல்லது நேராகப் போய் எதிரியிடம் செத்துக் கொடுப்பேன். என்னோடு மாட்டிய நான்கு பேரும் அவரவர் மொழியில் திட்டினார்கள். அவர்களும் ஏற ஆசைப்பட்டுத்தான் வந்திருப்பார்கள். அவர்களைப் பற்றி அப்போது நான் நினைக்கவில்லை. பத்தாவது ஆட்டத்தில் புகார் குவிந்து, விளையாட்டிலிருந்து இரண்டு வாரம் தள்ளிவைத்துவிட்டார்கள். ஏறுவதற்கு நான்கு மாதம் ஆன எனக்கு, இறங்குவதற்கு மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதத்தில் அவள் இடது கையும் போய்க்கொண்டிருந்தது.

கார்த்திகையில் ஒருநாள் கோல்டு மூன்றில் வந்து நின்றேன். இரண்டு மணிக்கு நானே அவளை அழைத்தேன். சிவப்பு எழுத்து வரவில்லை. அவளால் ஆளை நகர்த்த முடிந்தது, கவசம் போட முடியவில்லை. ஆட்டம் முழுக்க என் பின்னாலேயே நடந்து வந்தாள். கவசம் இல்லாமல் நான் ஒன்பது முறை செத்தேன், அவள் பதினொரு முறை. நாங்கள் தோற்றோம். அதற்குப் பிறகு அவள் கையால் ஆடிய ஆட்டம் எதுவும் இல்லை.

எடை மேடை முதலாளியிடம் கெஞ்சி மதியத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொண்டேன். பைக்கில் எரியோட்டுக்குப் போய்விடுவேன். அக்கா கட்டிலில் சாய்ந்திருப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கைப்பேசியை அவள் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, அவள் ஐடியில் நான் ஆடுவேன். எங்கே போக வேண்டும், யாருக்குக் கவசம் போட வேண்டும் என்று அவள் சொல்வாள். குரல் குழறத் தொடங்கியிருந்தது. மாமியார் இப்போது மதியம் தூங்குவதில்லை. காப்பி போட்டுக் கொடுத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்து, ஒன்றும் புரியாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பழக்கதோஷம் என்பது லேசில் போகாது. ஒரு வாரத்தில் அவள் ஐடி சில்வர் மூன்றிலிருந்து இரண்டுக்கு வந்து, ஒன்றையும் தாண்டி, கோல்டு வாசலில் நின்றது. எனக்குச் சந்தோஷம். ஏதோ கொஞ்சம் திருப்பிக் கொடுத்துவிட்டதுபோல் இருந்தது. இன்னும் ஒரே ஆட்டம்தான், நீ கோல்டு என்றேன். அவள் முகம் சந்தோஷப்படவில்லை. வெகுநேரம் எடுத்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

“வேணாம்டா. இம்புட்டு நல்லா ஆடாத. அது நீ ஆடுறது. சில்வர் ரெண்டுதான் நான் ஆடுனது.”

நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அழுகையை அடக்கத் தெரியாமல் மூக்கை உறிஞ்சினேன். பாட்டிக்குப் பிறகு நம் வீட்டில் மூக்கை உறிஞ்சுகிறவன் நீதான் என்று அவள் சிரிக்கப் பார்த்தாள். அடுத்த வாரம் முழுக்க உட்கார்ந்து, அவள் சொன்னபடி மட்டுமே ஆடி, சில்வர் இரண்டில் கொண்டுவந்து நிறுத்தினேன். வேண்டுமென்று தோற்கத் தேவையே இருக்கவில்லை. எதிரி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறான் என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், நான் சொல்லிக்கொண்டே இருந்தேன், சில்வர் இரண்டுக்கு இறங்கிய பிறகு பாதி ஆட்டம் ஜெயித்தோம், பாதி தோற்றோம்.

அடுத்த சித்திரையில் அவள் போய்விட்டாள். மூச்சு விடும் தசையும் அந்த விரலைப் போலவே சொன்ன பேச்சைக் கேட்காமல் போனது. அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

மச்சானிடம் கேட்டு அவள் ஐடியை என் கைப்பேசியில் வைத்துக்கொண்டேன். அவள் போன பிறகு அந்த விளையாட்டில் சீசன் என்று ஒன்று கொண்டுவந்தார்கள், சில மாதங்களுக்கு ஒருமுறை அது முடியும். அப்போது எல்லாருடைய ரேங்கையும் ஒரு படி இறக்கிவிடுவார்கள். ஆடாமல் விட்டால் அவளுடையது பிரோன்ஸுக்குப் போய் அங்கேயே கிடக்கும். ஏறிய பிறகு அவள் ஒருநாளும் பிரோன்ஸுக்கு இறங்கியவள் இல்லை. அதனால் ஒவ்வொரு சீசனிலும் மதியம் இரண்டு மணிக்கு உட்கார்ந்து அதை ஏற்றுகிறேன். சப்போர்ட் மட்டும்தான் ஆடுவேன்.

என் ஐடியில் ஆடும்போது சில சமயம் எங்கள் அணியில் யாராவது பொத்தானைத் தாமதமாக அழுத்துவார்கள். மற்ற மூவரும் எழுத்தில் திட்ட ஆரம்பிப்பார்கள். நான், கை எதுவும் சரியில்லையா, வலிக்கிறதா என்று கேட்டு எழுதுவேன். யாரும் இதுவரை நேராகப் பதில் சொன்னதில்லை. நக்கல் செய்கிறேன் என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். சென்ற மாதம் ஒருவரிடம் அடுத்தடுத்து இரண்டு ஆட்டத்தில் இதையே கேட்டதில், கூட ஆடுகிறவரை இழிவாகப் பேசியதாகப் புகார் போய், மூன்று நாள் நான் எதுவும் எழுத முடியாதபடி தடை போட்டுவிட்டார்கள். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்காதவனுக்கு அது சரியான தண்டனைதான்.

அந்த மூன்று நாளும் அக்காவின் ஐடியில் ஆடினேன். சீசன் மாறிப் பிரோன்ஸ் இரண்டில் கிடந்தது. முதல் நாள் சில்வர் மூன்றைத் தொட்டது. மூன்றாம் நாள் மூன்றரை மணிக்குச் சில்வர் இரண்டு வந்தது. தேங்காய் லாரி ஒன்று மேடையில் ஏறி ஹாரன் அடித்தது. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு எடை போடப் போனேன். அந்தச் சீசனில் அவள் ஐடியில் அதற்கு மேல் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை.